நாக்கு எப்படிச் சுவைக்கிறது: செய்து பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

சுவையைப் பற்றி எவ்வளவு படித்தாலும், வாயில் ஒன்றைப் போட்டுப் பார்க்கும் வரை அது விளங்காது. அதனால் படிக்கத் தொடங்கும் முன் சில பொருள்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: முகம் பார்க்கும் கண்ணாடி, சுத்தமான பருத்தித் துணி, பஞ்சுக்குச்சிகள் நாலைந்து, சர்க்கரை, உப்பு, எலுமிச்சை, பால் கலக்காத காப்பி, ஓர் ஆப்பிள், ஓர் உருளைக்கிழங்கு, பற்பசை. ஒவ்வொரு படியிலும் முதலில் செய்யுங்கள், பிறகு விளக்கத்தைப் படியுங்கள். விடையைத் தெரிந்துகொண்டு சுவைத்தால், நாம் எதிர்பார்ப்பதையே நாக்கும் சொல்லிவிடும்.

ஒரு கேள்வியைக் கடைசிவரை கையில் வைத்திருங்கள். வாய்க்குள் வந்ததை விழுங்கலாமா, துப்ப வேண்டுமா? சுவைப்புலன் இந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் உருவானது. பூனைக்கு ஏன் சர்க்கரை தித்திப்பதில்லை, ஈ ஏன் காலால் சுவைக்கிறது, குழந்தை ஏன் கசப்பு மருந்தைத் துப்புகிறது என்ற மூன்றுக்கும் விடை அந்த ஒரே இடத்தில் இருக்கிறது.

படி 1: உங்கள் நாக்கைப் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டுங்கள். உணவில் சேர்க்கும் நீலச் சாயம் இருந்தால் பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு நாக்கின் நுனியில் தடவி, ஒரு வாய் தண்ணீரால் கொப்பளியுங்கள். நாக்கின் பெரும்பகுதி நீலமாகிவிடும். நடுநடுவே குண்டூசித் தலையளவு இளஞ்சிவப்புப் புள்ளிகள் மட்டும் சாயம் ஏறாமல் நிற்கும். அவற்றை உற்றுப் பாருங்கள். நுனியிலும் ஓரங்களிலும் நெருக்கமாகவும், நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவும் இருக்கும்.

பலர் இந்தப் புள்ளிகளையே சுவை மொட்டுகள் என்று நினைக்கிறார்கள். இவை சுவை மொட்டுகளைத் தாங்கும் புடைப்புகள், காளான் வடிவப் பாப்பிலாக்கள். ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் சில சுவை மொட்டுகள் புதைந்திருக்கும். நீலம் ஏறிய மற்ற பகுதி முழுவதும் இழை வடிவப் பாப்பிலாக்கள். அவற்றில் சுவை மொட்டே கிடையாது. உணவைப் பற்றிக்கொள்வதும் அதன் சொரசொரப்பை உணர்வதும் அவற்றின் வேலை. பூனை நக்கும்போது உப்புத்தாள் போல் உரசுகிறதே, அதுவும் இதே வகைப் புடைப்புகள் கெட்டிப்பட்டதால்தான்.

நாக்கை இன்னும் நீட்ட முடிந்தால், அடிப்பகுதியில் பெரிய வட்டப் புடைப்புகள் தலைகீழ் ‘வி’ வடிவில் வரிசையாக இருப்பது தெரியும். எட்டு முதல் பன்னிரண்டு வரை இருக்கும். ஒவ்வொன்றையும் சுற்றி அகழி போன்ற பள்ளம் ஓடுகிறது. அந்தப் பள்ளத்தின் சுவர்களில் நூற்றுக்கணக்கான சுவை மொட்டுகள் இருக்கின்றன. இவற்றைக் கண்ணாடியில் முதன்முறை பார்த்துவிட்டு, ஏதோ கட்டி என்று பயந்து மருத்துவரிடம் ஓடுபவர்கள் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை, எல்லோருக்கும் உள்ளதுதான்.

ஒரு சுவை மொட்டைப் பூண்டின் வடிவில் கற்பனை செய்துகொள்ளுங்கள். பல்பல்லாக 50 முதல் 100 செல்கள் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. உச்சியில் ஒரு நுண்துளை. அந்தத் துளை வழியாகத்தான் உணவின் மூலக்கூறுகள் செல்களைத் தொட வேண்டும். இந்தச் செல்களின் ஆயுள் சராசரியாகப் பத்து நாள்கள், சிலவற்றுக்கு அதைவிடக் கூடுதல். கொதிக்கக் கொதிக்கக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாலும் சில நாள்களில் சுவை திரும்பிவிடுவது இதனால்தான்.

சுவை மொட்டுகள் நாக்கில் மட்டும் இருப்பதாக எண்ண வேண்டாம். மேல் அண்ணத்தின் மென்மையான பகுதியிலும் தொண்டையிலும் குரல்வளை மூடியிலும்கூட இருக்கின்றன.

படி 2: நாக்கை உலர்த்துங்கள்

பருத்தித் துணியால் நாக்கின் நுனியை நன்றாக ஒற்றி எடுங்கள். உடனே ஐந்தாறு சர்க்கரைப் பரல்களை அங்கே வையுங்கள். சொரசொரப்பு மட்டும் தெரியும், தித்திப்பு வராது. வாயை மூடி எச்சில் ஊற விடுங்கள். அப்போதுதான் இனிப்பு எழும்.

கரையாத எதற்கும் சுவை இல்லை. மூலக்கூறு நீரில் கரைந்து அந்த நுண்துளைக்குள் வழிந்து இறங்கினால்தான் செல்லுக்குச் செய்தி போகும். ஒரு நாளைக்கு நமக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. வாய் வறட்சி உள்ளவர்களும், எச்சிலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் ‘எதுவும் ருசிக்கவில்லை’ என்று சொல்வதற்கு இது ஒரு முதன்மைக் காரணம். நாக்கைச் சோதிப்பதற்கு முன் எச்சிலைக் கவனியுங்கள்.

படி 3: ஐந்து சுவைகளையும் தனித்தனியாக அறியுங்கள்

உப்பு, எலுமிச்சை, சர்க்கரை, காப்பி ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சுவையுங்கள். இடையிடையே தண்ணீரால் கொப்பளியுங்கள். ஒவ்வொன்றும் நாக்கில் எப்போது தோன்றுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். உப்பும் புளிப்பும் சட்டென்று வரும். கசப்பு சற்றுத் தாமதித்து வந்து நெடுநேரம் நிற்கும். ஒவ்வொரு சுவையும் செல்லுக்குள் நுழையும் வழி வேறு.

உப்பும் புளிப்பும் எளிய வழியில் வருகின்றன. உப்பில் உள்ள சோடியம் அயனி ஒரு கால்வாய் வழியாக நேரே செல்லுக்குள் புகுந்துவிடுகிறது. எலிகளில் இது மிகத் தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. புளிப்பைத் தருவது அமிலத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனி. அதற்கு வழிவிடும் புரதத்தின் பெயர் ஓட்டோப்1. எலுமிச்சையை மனிதர்கள் காலங்காலமாகச் சுவைத்து வந்தும், அந்தப் புளிப்பு நுழையும் வாசலை 2018-ல்தான் கண்டுபிடித்தார்கள். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எமிலி லைமன் தலைமையிலான குழு அதைச் செய்தது. அதே குழு 2023-ல் அம்மோனியம் குளோரைடு என்ற உப்பின் சுவையும் இதே வாசலைத் தட்டுகிறது என்று காட்டியது.

இனிப்பு, உமாமி, கசப்பு மூன்றும் பூட்டும் சாவியும் போல வேலை செய்கின்றன. செல்லின் மேற்பரப்பில் ஏற்பி என்ற புரதம் பூட்டாக நிற்கிறது. பொருந்தும் மூலக்கூறு வந்து அமர்ந்தால், செல்லுக்குள் தொடர்வினை கிளம்பி நரம்புக்குச் செய்தி போகிறது.

உமாமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1908-ல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கிகுனே இகேதா, கோம்பு என்ற கடற்பாசியில் வைத்த சாற்றில் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு நான்கிலும் சேராத ஒரு சுவையைக் கவனித்தார். அந்தக் கடற்பாசியிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். பழுத்த தக்காளி, நாட்பட்ட பாலாடைக்கட்டி, காளான், இறைச்சிச் சாறு ஆகியவற்றை விழுங்கிய பிறகும் நாக்கில் நிறைவாக நிற்கும் சுவை அது. உலகின் பிற பகுதி விஞ்ஞானிகள் அதைத் தனிச் சுவையாக ஏற்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்கான ஏற்பி இனங்காணப்பட்ட பிறகுதான் வாதம் ஓய்ந்தது. ஒருவர் நாக்கை நம்பி நுணுக்கமாகச் சுவைத்துச் சொன்னதை நிரூபிக்க ஏறத்தாழ நூறு ஆண்டு வேதியியல் தேவைப்பட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இனிப்பு ஏற்பி இரண்டு புரதங்கள் இணைந்தது: டி1ஆர்2, டி1ஆர்3. உமாமி ஏற்பியும் இரண்டின் இணைப்புதான்: டி1ஆர்1, டி1ஆர்3. கடைசிப் புரதம் இரண்டுக்கும் பொது. இந்த மூன்று பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், விலங்குகளைப் பார்க்கும்போது கதையே இவற்றைச் சுற்றித்தான் நடக்கும்.

கசப்புக்கு வந்தால் கணக்கே மாறுகிறது. இனிப்புக்கு ஒரே ஒரு ஏற்பி, கசப்புக்கு மட்டும் மனிதரிடம் ஏறத்தாழ 25. சத்துள்ள பொருள்களில் அவ்வளவு வகையில்லை, சர்க்கரை எங்கே கிடைத்தாலும் சர்க்கரைதான். நஞ்சோ செடிக்குச் செடி வேறு. தின்ன வருபவரை விரட்டத் தாவரங்கள் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களைச் செய்கின்றன. அத்தனையையும் பிடிக்க வேண்டுமானால் காவலர்கள் பலர் வேண்டும். அவர்களுடைய கண்ணும் கூர்மையாக இருக்க வேண்டும். தண்ணீரில் சர்க்கரை தெரிய வேண்டிய அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு குவினைன் என்ற கசப்பு மருந்து இருந்தாலே நாக்கு முகம் சுளிக்கும்.

காவலர்கள் பலர் இருந்தாலும் அவர்கள் கொடுப்பது ஒரே குரல்தான். ஒரு கசப்புச் செல்லில் பல வகைக் கசப்பு ஏற்பிகள் சேர்ந்திருக்கின்றன. எந்த நஞ்சு வந்தாலும் ‘துப்பு’ என்பதே செய்தி. எந்த நஞ்சு என்று பிரித்தறிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

சாக்கரின் என்ற செயற்கைச் சர்க்கரை இனிப்பு வாசலையும் கசப்பு வாசலையும் தட்டுகிறது. 1879-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை செய்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க், தன் கையில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்று தித்திப்பதை உணர்ந்தார். அப்படிக் கிடைத்ததுதான் சாக்கரின். இனிப்பு ஏற்பியில் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. அளவு கூடினால் இரண்டு மூன்று கசப்பு ஏற்பிகளிலும் போய் அமர்கிறது. அதனால்தான் அதன் இனிப்புக்குப் பின்னால் ஒரு கசப்பு நிற்கிறது.

படி 4: பள்ளியில் படித்த நாக்கு வரைபடத்தைச் சோதியுங்கள்

நுனியில் இனிப்பு, ஓரத்தில் உப்பும் புளிப்பும், அடியில் கசப்பு என்று வண்ணம் தீட்டிய நாக்குப் படம் பாடப் புத்தகங்களில் தலைமுறை தலைமுறையாக வந்தது. பஞ்சுக்குச்சியைச் சர்க்கரைக் கரைசலில் தோய்த்து நாக்கின் ஓரத்தில் வையுங்கள். பிறகு காப்பியில் தோய்த்து நுனியில் வையுங்கள். ஓரத்தில் தித்திக்கும், நுனியில் கசக்கும். படம் தவறு என்பதை அரை நிமிடத்தில் உங்கள் நாக்கே சொல்லிவிடும்.

தவறு நேர்ந்த வழி இது. 1901-ல் ஜெர்மானிய ஆய்வாளர் டேவிட் ஹேனிக், நாக்கின் வெவ்வேறு இடங்களில் உணர்திறன் சற்றே கூடிக் குறைவதை அளந்து எழுதினார். அவர் கண்டது சின்ன வேறுபாடு. 1942-ல் அமெரிக்க உளவியலாளர் எட்வின் போரிங் அந்த அளவுகளை வரைபடமாக்கியபோது, குறைந்த உணர்திறன் உள்ள இடத்தில் உணர்வே இல்லை என்று பார்ப்பவர் எடுத்துக்கொள்ளும்படி ஆகிவிட்டது. 1974-ல் வர்ஜீனியா காலிங்ஸ் மீண்டும் அளந்து, வேறுபாடு இருந்தாலும் அது மிகச் சிறியது, ஒவ்வொரு பகுதியும் எல்லாச் சுவையையும் உணரும் என்று காட்டினார். அதற்குப் பிறகும் படம் புத்தகங்களை விட்டுப் போகவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பாடத்தில் இன்னும் அது இருந்தால், பஞ்சுக்குச்சியைக் கையில் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

படி 5: மூக்கைப் பிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைச் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஆப்பிளையும் தோல் நீக்கிய பச்சை உருளைக்கிழங்கையும் ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்கி, கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, யாரையாவது ஒரு துண்டை எடுத்து வாயில் போடச் சொல்லுங்கள். மொறுமொறுப்பு தெரியும், லேசான இனிப்பு தெரியலாம். எது எது என்று சொல்லத் தடுமாறுவீர்கள். மென்றுகொண்டே மூக்கை விடுங்கள். ஒரே மூச்சில் ஆப்பிள் ஆப்பிளாகிவிடும்.

வாயில் மெல்லும்போது உணவின் ஆவி தொண்டையின் பின்வழியாக மேலேறி மூக்கின் உள்கூரையில் உள்ள மணச் செல்களைத் தொடுகிறது. முன்னால் முகர்வதும் பின்னால் இப்படி ஏறுவதும் ஒரே செல்களுக்குத்தான் போகின்றன. ஆனால் பின்வழியாக வந்ததை மூளை வாயில் நடப்பதாகவே கணக்கில் எழுதுகிறது. நாம் ஸ்ட்ராபெரி சுவை, வெனிலா சுவை, காப்பிச் சுவை என்று சொல்பவை எல்லாம் மணங்கள். வெனிலாவுக்கு நாக்கில் சுவையே இல்லை.

கடுமையான சளியில் படுத்திருந்த ஒரு வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காப்பி வெறும் கசப்பு வெந்நீராக இருந்தது. சுவை போய்விட்டது என்று எல்லோரிடமும் புலம்பினேன். நாக்கு ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. கசப்பும் வெந்நீரின் சூடும் தெரிந்தனவே! போனது மணம். சுவை போய்விட்டது என்று மருத்துவரிடம் வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் உண்மையில் இழந்திருப்பது மணத்தைத்தான்.

உங்களுக்கு அந்தச் சந்தேகம் வந்தால், மூக்கைப் பிடித்துக்கொண்டு சர்க்கரை, உப்பு, எலுமிச்சை, காப்பி நான்கையும் நாக்கில் வைத்துப் பாருங்கள். நான்கும் பிரிந்து தெரிந்தால் நாக்கில் குறையில்லை, மூக்கைக் கவனிக்க வேண்டும். நான்கில் ஒன்று தெரியாவிட்டால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சில மருந்துகள், வாய் வறட்சி, துத்தநாகக் குறைபாடு, முக நரம்பு பாதிப்பு, தலை கழுத்துப் பகுதிக்குத் தரும் கதிர்வீச்சு எனக் காரணங்கள் பல.

படி 6: உறைப்பையும் துவர்ப்பையும் பிரித்துப் பாருங்கள்

தமிழில் அறுசுவை என்கிறோம்: இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, கார்ப்பு, துவர்ப்பு. முதல் நான்கும் சுவை மொட்டுகளின் வேலை. கடைசி இரண்டும் வேறு வழியில் வருகின்றன. ஒரு மிளகாய்த் துணுக்கை உதட்டில் தேய்த்தால் எரிகிறது, ஆனால் உதட்டின் தோலில் சுவை மொட்டு கிடையாது. இதுவே போதும் சான்றுக்கு.

மிளகாயில் உள்ள கேப்சைசின், வலியையும் வெப்பத்தையும் உணரும் நரம்பு முனைகளில் உள்ள டிஆர்பிவி1 என்ற ஏற்பியைத் திறக்கிறது. அந்த ஏற்பி இயல்பாகத் திறப்பது 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில். ஆகவே உறைப்பைச் சூடு என்று மூளை படிக்கிறது, உடல் வியர்க்கிறது. இந்த ஏற்பியை 1997-ல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். புதினாவின் குளிர்ச்சியும் இப்படித்தான்: மென்தால் குளிரை உணரும் ஏற்பியைத் திறக்கிறது. கேப்சைசின் தண்ணீரில் கரையாது. அதனால் உறைப்பெடுத்தால் பாலோ தயிரோதான் உதவும். பாலில் உள்ள கேசீன் புரதமும் கொழுப்பும் அதைக் கழுவி எடுத்துப் போகும்.

துவர்ப்பு தொடு உணர்வு. காய்களிலும் கடும் தேநீரிலும் உள்ள டானின்கள் எச்சிலில் உள்ள வழுவழுப்பான புரதங்களைப் பிடித்துத் திரளச் செய்கின்றன. வழுக்கல் போய், நாக்கும் கன்னமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. அந்த உரசலைத்தான் துவர்ப்பு என்கிறோம். பழைய தமிழில் இவற்றையும் சுவையென்று வகுத்தவர்கள் தவறு செய்யவில்லை. அவர்கள் வாயில் உணர்ந்ததைச் சொன்னார்கள், எந்த நரம்பு என்று பிரித்தது பின்னால் வந்த வேலை.

பறவைகளின் டிஆர்பிவி1-க்கு கேப்சைசின் பிடிபடுவதில்லை. கிளி மிளகாய்ப் பழத்தை நிம்மதியாகத் தின்னும். எலிகள் விதையை மென்று நொறுக்கிவிடும், பறவைகள் விதையை முழுதாக விழுங்கித் தொலைவில் கொண்டுபோய் விதைக்கும். யார் தின்ன வேண்டும், யார் தின்னக் கூடாது என்று செடி தேர்ந்தெடுத்துவிட்டது.

படி 7: செய்தி மூளைக்குப் போகும் வழியைத் தொடருங்கள்

நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக நரம்பின் கிளை ஒன்றும், பின் பகுதியிலிருந்து நாக்குத் தொண்டை நரம்பும், தொண்டையிலிருந்து வேகஸ் நரம்பும் செய்தியைச் சுமக்கின்றன. முதல் நரம்பு நடுக்காதின் வழியாகச் செல்வதால், காதில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு நாக்கின் ஒரு பக்கத்தில் சுவை மாறிவிடுவதுண்டு. மூன்றும் முகுளத்தில் கூடி, தலாமஸ் வழியாக மூளையின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இன்சுலாவை அடைகின்றன.

இதில் என்னை மிகவும் பாதித்த ஆய்வு சார்லஸ் சூக்கரும் நிக்கலஸ் ரைபாவும் 2005-ல் வெளியிட்டது. எலியின் இனிப்புச் செல்லுக்குள் மனிதனின் கசப்பு ஏற்பி ஒன்றை வைத்தார்கள். நமக்குக் கசக்கும் பொருளை அந்த எலிகள் ஆசையாகத் தேடிக் குடித்தன. மூலக்கூறுக்குள் இனிப்பும் இல்லை, கசப்பும் இல்லை. எந்தச் செல் தூண்டப்படுகிறதோ அந்தச் செல்லின் செய்திதான் சுவை. 2015-ல் சூக்கரின் குழு இன்னும் ஒரு படி போய், எலியின் மூளையில் இனிப்புக்குரிய இடத்தை நேரே தூண்டியது. வெறும் தண்ணீரை அது இனிப்பு போல நக்கியது. கசப்புக்குரிய இடத்தைத் தூண்டியபோது முகம் சுளித்து விலகியது.

பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தையும் இனிப்பைச் சப்புகிறது, கசப்புக்கு வாய் பிளந்து துப்பப் பார்க்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பழக்கமும் அனுபவமும் இதன்மேல் எழுதப்படும். 1955-ல் ஜான் கார்சியா எலிகளுக்குச் சாக்கரின் நீரைக் கொடுத்துக்கொண்டே, குமட்டலை உண்டாக்கும் கதிர்வீச்சையும் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த இனிப்பு நீரை அவை சீண்டவில்லை. வேறு எதைக் கற்பதற்கும் பலமுறை பயிற்சி வேண்டும். சுவைக்கும் குமட்டலுக்குமான தொடர்பை, இரண்டுக்கும் இடையே பல மணி நேரம் கழிந்தாலும், ஒரே முறையில் மூளை எழுதிக்கொள்கிறது. ஒருமுறை சாப்பிட்டு வாந்தியெடுத்த உணவை வருடங்கள் கழித்தும் பார்க்கப் பிடிக்காமல் போவது இதனால்தான்.

படி 8: சுவையை மாற்றிப் பாருங்கள்

பற்பசையால் பல் துலக்கிய உடனே ஆரஞ்சுச் சாறு குடியுங்கள். கசப்பு மேலோங்கும். பற்பசையில் நுரை தரும் சோடியம் லாரில் சல்ஃபேட் இனிப்பை மங்கச் செய்து கசப்பைத் தூக்கிக் காட்டுகிறது. காப்பியில் ஒரு சிட்டிகை உப்பிட்டுச் சுவையுங்கள், கசப்பு அடங்கும். சமையலில் உப்பு செய்யும் வேலையில் பாதி இதுதான். ஐஸ்கிரீமை உருக விட்டுக் குடித்தால் தாங்க முடியாத இனிப்பாக இருக்கும், ஏனெனில் இனிப்புச் செல்லில் செய்தியைக் கடத்தும் டிஆர்பிஎம்5 என்ற கால்வாய் குளிரில் மந்தமாகிறது.

சிறுகுறிஞ்சான் இலை கிடைத்தால் ஒன்றை மென்று துப்பிவிட்டுச் சர்க்கரையை வாயில் போடுங்கள். மணலைப் போட்டது போல இருக்கும். அதில் உள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் இனிப்பு ஏற்பியில் அமர்ந்து அரை மணி நேரம் போல அதை அடைத்து வைக்கின்றன. உப்பும் புளிப்பும் வழக்கம்போலத் தெரியும். நேர்மாறானது மேற்கு ஆப்பிரிக்காவின் அற்புதக்கனி. அதன் மிராக்குலின் புரதம், அமிலம் பட்டவுடன் இனிப்பு ஏற்பியைத் திறக்கிறது. அதைத் தின்றபின் எலுமிச்சை தித்திக்கும்.

படி 9: பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடுங்கள்

1931-ல் டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸ், ஃபீனைல்தையோகார்பமைடு என்ற தூளைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் ‘என்ன கசப்பு’ என்றார். ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அங்கே தொடங்கிய ஆராய்ச்சி, 2003-ல் டாஸ்2ஆர்38 என்ற கசப்பு ஏற்பியின் மரபணுவில் முடிந்தது. அந்த மரபணுவின் எந்த வடிவம் உங்களிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்து முட்டைக்கோஸ் குடும்பக் காய்கள் உங்களுக்குச் சற்றுக் கூடுதலாகக் கசக்கலாம், கசக்காமலும் போகலாம். ஒரு குழந்தை ஒரு காயைத் துப்பும்போது அதை அடம் என்று தள்ளிவிடாதீர்கள். அதன் வாயில் இருக்கும் காய் உங்கள் வாயில் இருக்கும் காய் அல்ல.

படி 10: விலங்குகளின் நாக்கைப் படியுங்கள்

ஒரு விலங்கின் சுவை ஏற்பிகளைப் பார்த்தால் அதன் மூதாதைகள் எதைத் தின்றன என்று சொல்லிவிடலாம். பயன்படாத ஏற்பியின் மரபணு உடைந்தாலும் விலங்குக்கு நட்டமில்லை, உடைந்தது உடைந்தபடியே வழிவழியாக இறங்கும்.

பூனையிடம் தொடங்குங்கள். 2005-ல் ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் வேதிப்புலன் மையத்தினர், பூனையின் டி1ஆர்2 மரபணுவில் 247 எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். இனிப்பு ஏற்பியின் ஒரு பாதி இல்லை, ஆகவே ஏற்பியே இல்லை. புலிக்கும் சிவிங்கிப்புலிக்கும் இதே நிலைதான். பூனை ஐஸ்கிரீமை நக்குகிறதே என்றால், அது தேடுவது கொழுப்பையும் புரதத்தையும். பின்னர் கடல் சிங்கம், புள்ளிக் கழுதைப்புலி, மடகாஸ்கரின் ஃபோசா என்ற ஊனுண்ணி ஆகியவற்றிலும் இதே மரபணு பழுதாகியிருந்தது தெரியவந்தது, அதுவும் வெவ்வேறு இடங்களில். இறைச்சியை மட்டும் தின்னும் வாழ்க்கை ஒரே முடிவுக்குப் பல வழிகளில் வந்திருக்கிறது. இரையை மெல்லாமல் விழுங்கும் ஓங்கில்களிடம் (டால்பின்களிடம்) இனிப்பு, உமாமி, ஏறத்தாழ எல்லாக் கசப்பு ஏற்பிகளும் போய்விட்டன. மூங்கிலுக்கு மாறிய ராட்சதப் பாண்டாவிடம் உடைந்திருப்பது டி1ஆர்1, அதாவது உமாமி. இரத்தம் மட்டுமே குடிக்கும் வௌவால்களுக்கு இனிப்பு ஏற்பி வேலை செய்வதில்லை. கார்சியா எலிகளிடம் கண்ட குமட்டல் பாடத்தைக்கூட அவை கற்பதில்லை என்று 2003-ல் காட்டினார்கள். ஒரே உணவை உண்டு வாழும் உயிருக்கு அதை வெறுக்கக் கற்பது சாவுதான்.

இழந்ததைத் திரும்பப் பெற்ற கதையும் உண்டு. பறவைகளின் மூதாதை டி1ஆர்2-ஐ இழந்துவிட்டது. அப்படியானால் ரீங்காரச்சிட்டு ஏன் நாள் முழுவதும் பூந்தேனைத் தேடி அலைகிறது? 2014-ல் மாட் பால்ட்வினும் உடன் ஆய்வாளர்களும் விடை கண்டார்கள். அதன் உமாமி ஏற்பியே பல மாற்றங்களுக்குப் பின் சர்க்கரையைப் பிடிக்கும் ஏற்பியாகிவிட்டது.

கரப்பான்பூச்சி அதைவிட வேகம். குளுக்கோஸ் கலந்த நச்சு இரையை வைத்தபோது, சில ஆண்டுகளிலேயே குளுக்கோஸை வெறுக்கும் கரப்பான்கள் தோன்றின. 2013-ல் வடக்கு கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவற்றின் கசப்பு நரம்பையே குளுக்கோஸ் தூண்டுவதைக் கண்டார்கள். அவற்றுக்கு அது உண்மையாகவே கசக்கிறது.

சுவை வாயில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கலங்கல் நீரில் வாழும் கெளுத்தி மீனுக்கு மீசையிலும் உடல் முழுவதும் சுவை மொட்டுகள், மொத்தம் ஒரு இலட்சத்துக்கு மேல். ஆக்டோபஸின் உறிஞ்சிகளில் தொட்டுச் சுவைக்கும் ஏற்பிகள் இருப்பதை 2020-ல் ஹார்வர்டில் கண்டறிந்தார்கள். பாறை இடுக்கில் கையை விட்டுத் துழாவும்போதே அகப்பட்டது நண்டா கல்லா என்று அதற்குத் தெரியும். பெண் வண்ணத்துப்பூச்சி இலையை முன்காலால் தட்டிப் பார்த்து, தன் புழு தின்னக்கூடிய செடிதானா என்று உறுதி செய்துகொண்டபின் முட்டையிடுகிறது. பாம்பு நாக்கை நீட்டுவதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது காற்றின் மணத்தைப் பிடித்து மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொடுக்கிறது.

உப்புக்காக விலங்குகள் போகும் தூரம் தனிக் கதை. கென்யாவில் எல்கோன் மலையில் ‘கிட்டும்’ என்ற பெயருடைய குகைக்குள் யானைகள் இரவில் நுழைந்து, கும்மிருட்டில் தும்பிக்கையால் தடவி வழி கண்டு, தந்தத்தால் உப்புப் பாறையைப் பெயர்த்துத் தின்கின்றன. தாவரங்களில் சோடியம் மிகக் குறைவு, ஆகவே தாவர உண்ணிகளுக்கு உப்பின் மேல் இவ்வளவு பசி.

கடைசியாக ஒன்று செய்து பாருங்கள். மேசையில் ஒரு சொட்டுச் சர்க்கரைக் கரைசலை விட்டு, ஓர் ஈ வரும் வரை அசையாமல் காத்திருங்கள். அது சொட்டின் ஓரமாக நடந்து வரும். முன்காலின் முனை ஈரத்தைத் தொட்ட கணம், தலைக்கு அடியில் மடிந்திருந்த உறிஞ்சுகுழல் சட்டென்று கீழே நீளும். காலில் உள்ள மயிர்களில் சுவை நரம்புகள் இருக்கின்றன. இனிப்பு என்று கால் சொன்னபிறகுதான் வாய் திறக்கிறது. வயிறு நிறைந்த ஈயாக இருந்தால் மெல்லிய கரைசலைத் தொட்டும் தொடாதது போல் கடந்து போகும். பசித்த ஈக்கு அதைவிட நீர்த்த சொட்டே போதும்.